ஸ்பெசிமன் காப்பியில் அரக்குச் சிவப்பு

காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா தறிக்குழியில் உட்கார்ந்து காலாட்டினார். அம்மா ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக் கையாட்டினாள். நான் வாயாட்டினேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவுக்கு எத்தனை வீடோ அதைவிட அதிகம் தறி. அத்தனை சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற தொண்டை எனக்கு. ஏழாம் வகுப்பில் பாடத்தை உரக்கப் படிக்க வேண்டுமென்றால் தமிழய்யா என்னைத்தான் எழுப்புவார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நான்-டீட்டெயில் என்று ஒரு கதைப் புத்தகம் வைப்பார்கள். எது என்று தீர்மானிப்பவர் ஹெட்மாஸ்டர். அவர் வைத்ததெல்லாம் ராஜா கதைதான். ஒவ்வொரு அத்தியாயமும் முடிகிற இடத்தில் ராஜா யாருக்காவது புத்தி சொல்வார். பிள்ளைகள் அதை மட்டும் மனப்பாடம் செய்து பரீட்சையில் இறக்கிவைப்பார்கள். கதை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை.

அந்தப் பங்குனியில் மெட்ராஸிலிருந்து ஒரு புத்தக ஏஜென்ட் மூன்று நாவல்களின் ஸ்பெசிமன் காப்பி கொண்டுவந்தார். பத்து நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்றுக்குள்ளும் ஹெட்மாஸ்டர் ஒரு ராஜா கதையைக் கண்டுபிடித்துவிட்டார். தமிழய்யாதான் குறுக்கே விழுந்தார். அடுத்த வருஷம் படிக்கப்போகிற பிள்ளைகளிடமே கொடுத்துப் பார்ப்போமே என்றார்.

"பிள்ளைங்களக் கேட்டா புளியங்காதான் கேக்கும்."

"அந்தப் புளியங்காயைத் தின்னப்போறதும் அதுங்கதானே சார்."

ராஜா கதை மளிகைக் கடைக்காரர் மகனுக்குப் போயிற்று. வேட்டைக் கதை கிளாஸ் லீடருக்கு. எனக்கு வந்தது ஒரு லாரி டிரைவர் கதை. லோடு ஏற்றிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. அவன் மகள், என் வயசுக்காரி, அப்பாவைத் தேடிக் கிளம்புகிறாள்.

அன்று சாயங்காலமே படிக்க ஆரம்பித்தேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, காது உண்டு. நான் படிக்கப் படிக்க ராட்டை மெல்லச் சுற்றியது. மூன்றாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் முன்பின் தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கித் தனியாக நின்றாள். ராட்டை நின்றது. தறியும் நின்றது.

"இன்னாம்மா, நிறுத்திட்ட? மேல படி," என்று குழிக்குள்ளிருந்து அப்பா குரல் வந்தது.

மறுநாள் எதிர்வீட்டுப் பெண்கள் ராட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்காக முதலிலிருந்து படித்தேன். அதற்கு அடுத்த நாள் இன்னும் நாலு பேர். மறுபடியும் முதலிலிருந்து. "எங்கள வுட்டுட்டு நீ மட்டும் தனியா மேல படிச்சே, தோல உரிச்சிடுவேன்," என்று அம்மா சொல்லியிருந்தாள்.

பெரியப்பா மட்டும் மசியவில்லை. அவர் பின்கட்டில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். முழங்கை வரைக்கும் அரக்குச் சிவப்பு. சினிமா போஸ்டரை எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் படிப்பு. "கதை கேட்டா கஞ்சி வருமா? போனவன் போனவன்தான். இதுக்குப் போயி ஒரு புஸ்தகமா? எல்லாம் கண்ணக் கசக்கினு உக்காந்திருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு ஈரப் பட்டை உதறிக்கொண்டு போவார்.

பத்தாம் நாள் சாயங்காலம் பார்த்தால் பாதிப் புத்தகம்தான் ஆகியிருந்தது.

"நாளைக்கு வாங்கினு பூடுவாங்களா? அப்ப அந்த ஆளு வந்தானா இல்லியான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

"இதையே செலக்ட் பண்ணாங்கன்னா ஜூன்ல வாங்கிப் படிச்சிடலாம்."

"அப்ப செலக்ட் பண்ண வை," என்றாள், கடையில் கத்தரிக்காய் வாங்கிவரச் சொல்வதுபோல.

மறுநாள் காலையில் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். சாயங்கால விளக்கு மங்கலில் இத்தனை நாள் கண்ணில் படாதது பகல் வெளிச்சத்தில் தெரிந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு விரல். ஓரத்தில் ஒன்று, வரிகளுக்கு அடியில் ஒன்று, முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரைக்கும். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் பார்த்துப் பெரியப்பா வேண்டுமென்றே செய்திருக்கிறார். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். தாள்தான் கிழிய வந்தது, சாயம் அசையவில்லை. பெரியப்பா போட்ட சாயம் தண்ணீருக்குப் போகாது என்று ஊரே பெருமை பேசும். அது போய்த் தொலையக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒருநாள்தான்.

ஹெட்மாஸ்டர் அறையில் ஏஜென்ட் உட்கார்ந்திருந்தார். மற்ற இருவரும் பிரவுன் அட்டை போட்டு, நேற்று வந்த மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று புத்தகத்தை நீட்டினார்கள். நான் என்னுடையதை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தேன். கேட்டு வாங்கிப் பிரித்த ஹெட்மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"புஸ்தகமா இது? கறிக்கடைக்காரன் கல்லாவுல வச்சிருந்தியா? இதை இவருகிட்ட எப்படித் திருப்பிக் குடுக்கிறது?"

எனக்கு அழுகை முட்டியது. தமிழய்யா மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார். ராஜா கதையை எடுத்தார். எட்டாம் பக்கத்துக்குமேல், படிக்கிறவர்களே வெட்டிப் பிரிக்க வேண்டிய தாள்கள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. வேட்டைக் கதையில் பதினாறு பக்கம் வரைக்கும் பிரிந்திருந்தது. பிறகு என்னுடையதைப் புரட்டினார், ஒவ்வொரு தாளாக, கடைசிவரைக்கும்.

"சார், அது ரெண்டும் திருப்பிக் குடுக்க லாயக்கா இருக்குது. இது ஒண்ணுதான் படிக்க லாயக்கா இருக்குது. நமக்கு எது வேணும்?"

ஏஜென்ட் சிரித்துவிட்டார். ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை. கறையை ஆராய்கிறவர்போல நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தார். அப்புறம் அடுத்த பக்கம். உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இரண்டாம் பீரியட் மணி அடிக்கலாமா என்று கேட்க வந்த பியூன் வாசலிலேயே நின்றான். அவன் இருமினான், அவர் நிமிரவில்லை. ஊர் முழுக்கக் கேட்கிற என் தொண்டையை அடக்கிக்கொண்டு நானும் நின்றேன்.

கடைசியாக என்னைப் பார்த்தார். "ஏம்மா, கடைசில அவன் வர்றானா?"

"தெரியாது சார். நாங்க பாதிதான் படிச்சோம்."

"அப்ப கடைசிப் பக்கத்துல இருக்கிறது யார் கை?"

"எங்க பெரியப்பா சார். வேணும்னே அழுக்கு பண்ணிட்டாரு."

தமிழய்யாவும் ஹெட்மாஸ்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இதையே வச்சிடுங்க," என்றார் ஹெட்மாஸ்டர். "புளியங்கா ருசியாத்தான் இருக்குது."

கறைபட்ட காப்பியை மெட்ராஸுக்குத் தூக்கிப்போய் என்ன செய்வது என்று ஏஜென்ட் அதை எனக்கே கொடுத்துவிட்டார். ஜூன் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம்! அன்று நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை. வரதர் கருட சேவைக்கு வருகிற மாதிரி வந்தேன். தெருமுனையிலேயே கத்தினேன். "ஜெயிச்சிட்டோம்! நம்ம புஸ்தகம்தான்!" தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் ராட்டையோடு வந்தார்கள். அப்பா குழியிலிருந்து ஏறி வந்து கூடத்தில் சம்மணம் போட்டார். அம்மா எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து, "தொண்டைய நனைச்சிக்கோ," என்றாள்.

நான் விட்ட இடத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது பெரியப்பா பின்கட்டிலிருந்து வந்தார். கையில் ஈரப் பட்டு சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா எல்லாரையும் தவிக்க வுடற? அந்த லாரிக்காரன் வந்துடறான். கடைசிப் பக்கத்துல வாசல்ல வந்து நிக்கிறான். அந்தப் பொண்ணுதான் கதவத் தொறக்குது," என்றார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். யாரோ மறுக்கப்போகிறார்கள் என்பதுபோல ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் காலை உதைத்துக்கொண்டு அழுதேன்.

பெரியப்பாவின் மூத்த மகன் பம்பாய் பக்கம் வேலைக்கென்று போய் அப்போது நாலு வருஷம். ஒரு கடிதாசி இல்லை. வீட்டில் யாரும் அவன் பேரை எடுப்பதில்லை. எழுத்துக் கூட்டுகிற ஒரு மனுஷன் பத்து நாளில் ஒரு நாவலின் கடைசிப் பக்கம்வரை போய்ச் சேர என்ன பாடு பட்டிருப்பார், எதைத் தேடிப் போயிருப்பார் என்பதெல்லாம் பிற்பாடு யோசித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நான் ஜெயித்துக் கொண்டுவந்த கதையின் முடிவை அவர் போட்டு உடைத்துவிட்டார். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை.