மகளின் படிப்புக்கு விலை கேட்ட சேவியர் அண்ணை

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் படிப்பின் பெயர் எனக்கு இன்னும் வாயில் வராது. பழைய காலத்து மனிதர்கள் என்ன யோசித்தார்கள் என்பது பற்றிய படிப்பு. அவ்வளவுதான் தெரியும்.

இன்று டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ தேவாலயத்தில் பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது சேவியர் அண்ணை அவளைப் பிடித்துக்கொண்டார். மனிதர்களை இறைச்சிக்கடைத் தராசில் வைத்துப் பார்க்கிற ஆள்.

"உந்தப் படிப்பைப் படிச்சு என்ன சம்பளம் வரும் பிள்ளை? எடுத்த படிப்புக் கடனை ஆர் கட்டுறது? உதை விட்டுட்டு கணக்கியல் படி."

மகள் தலை குனிந்தாள். படிப்பை விடலாமா என்று கொஞ்ச நாளாகவே குழம்பிக்கொண்டிருப்பவள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்தபடி கேட்டேன்.

"அண்ணை, உங்கட மூத்தவனுக்கு நல்ல சம்பளமெல்லோ. நத்தார் பண்டிகைக்கு வந்தவனோ?"

"அவனுக்கு எங்க நேரம்?"

"மணித்தியாலத்துக்கு எவ்வளவு குடுத்தா வந்து உங்களோட கதைப்பான்?"

அண்ணை பாதிக் கோப்பியை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தார். எனக்கு ஒரு துளி இரக்கமும் வரவில்லை. மகனைச் சம்பளத்துக்காகவே வளர்த்தவர், என் பிள்ளைக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார்.

காரில் ஏறியதும் மகள் டெனிஷில் சொன்னாள், படிப்பை விடப்போவதில்லையாம். அந்தச் சந்தோஷத்தில் கிரின்ஸ்டெட்டில் இருக்கும் எங்கள் வீடு வரை பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம்.

வீட்டுக் கதவைத் திறந்தபோதுதான், மனைவி தேவாலய மண்டபத்தில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது.

சேவியர் அண்ணைதான் அவளைக் கொண்டுவந்து விட்டார். பெற்றோல் காசு கேட்டார். கொடுத்தேன்.

உங்கள் பக்கம் கிலோமீட்டருக்கு எவ்வளவு எடுக்கிறார்கள்?