கோவில்பட்டி கூட்ஸ் ஷெட்டில் நான் வழி சொன்ன லாரி

விளாத்திகுளத்தில் இரண்டு மணி பஸ் ஒன்றே முக்காலுக்கே போய்விட்டிருந்தது. ஏன் என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். "ஆளு நெறஞ்சிட்டு, போயிட்டான்" என்றார். அவருக்கு அதில் ஒரு விசேஷமும் தெரியவில்லை. எனக்கோ ஆறேகால் மணிக்குக் கோவில்பட்டியில் மணியாச்சி பாசஞ்சரைப் பிடித்தாக வேண்டும். டீக்குப் பத்து நயா பைசாவைக் கொடுத்துவிட்டுத் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். அந்த வழியாக மிளகாய் வற்றல் மூட்டையோடு வந்த லாரி ஒன்றை அவரே கைகாட்டி நிறுத்தினார். ரயிலடியை ஒட்டிய கூட்ஸ் ஷெட்டுக்குப் போகிற வண்டி. டிரைவர் பெயர் பொன்னுச்சாமி. ஒரு ரூபாய் கேட்டவர், நான் கும்பகோணத்துக்காரன் என்றதும் முக்கால் ரூபாய் போதும் என்றார். ஏன் குறைத்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கோவில்பட்டி இருபத்து மூன்று மைல். எட்டயபுரம் தாண்டும் வரை நான் தும்மிக்கொண்டே வந்தேன். சித்திரை மாதத்துக் கரிசல் காடு இருபுறமும் வெடித்துக் கிடந்தது. பருத்தி எடுத்து முடிந்து, மார் என்கிற காய்ந்த செடிதான் நின்றது. காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு இந்த மண்ணில் எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. பொன்னுச்சாமி மண்ணைப் பார்க்கவில்லை. மேற்கே கறுத்துக்கொண்டு வந்த வானத்தைத்தான் தலையை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்தார்.

"இந்த லோடு நனையாமப் போய்ச் சேரணும் சார். போன மழையில ஒரு லோடு நனஞ்சு பூசணம் புடிச்சிட்டு. இன்னொரு தடவ நனஞ்சா சாவிய வச்சிட்டுப் போயிருன்னு முதலாளி பாய் சொல்லிட்டாவ."

"தார்ப்பாய் இல்லையா?"

"இருக்கு. மேல ஏறிப் பாத்தியன்னா அதுக்குள்ளாற வானம் தெரியும்."

கிளீனர் ஊர்க் கோயில் கொடைக்குப் போய்விட்டானாம். மழை விழுந்தால் ஷெட் முற்றம் பிசினாகிவிடும், லோடு வண்டி ஓர் அங்குலம் நகராது, அதற்குள் வண்டியைப் பின்னால் எடுத்து மேடையோடு ஒட்டிவிட வேண்டும் என்றார். இவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்ஸ் ஷெட்டுக்கு வந்தபோது நாலரை மணி இருக்கும். இப்படி ஒரு கூட்டத்தைக் கும்பகோணத்துத் தேரோட்டத்தில்தான் பார்த்திருக்கிறேன். பருத்திப் பொதி வண்டிகள், அவிழ்த்துவிட்ட மாடுகள், நாலைந்து லாரிகள். ஒவ்வொரு லாரியும் மேடைக்குப் புட்டத்தைக் காட்டிப் பின்னோக்கி வருகிறது. "வரட்டும்", "போதும்", "ஒடிச்சு" என்று எட்டுத் திசையிலிருந்தும் கூச்சல். யார் எந்த வண்டிக்குச் சொல்கிறார்கள்? பக்கக் கண்ணாடியில் புழுதியைத் தவிர ஒன்றும் தெரியாது. இவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தலை சுற்றியது.

கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. டிரைவர்கள் ஒரே ஒரு குரலுக்குத்தான் காது கொடுத்தார்கள். மேடையில் கோணி ஊசியால் சாக்கு வாய் தைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் குரல் அது. அந்த அம்மாள் தலையை நிமிர்த்தி "வரட்டும், வரட்டும்" என்றால் லாரி நூல் பிடித்ததுபோல் வந்து மேடையில் பொருந்தியது.

எங்கள் முறை வந்தது. பொன்னுச்சாமி வண்டியைத் திருப்பி, பின்புறத்தை மேடைக்கு நேரே வைத்தார். அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாளும் வாயைத் திறக்கவில்லை. குனிந்து தைத்துக்கொண்டே இருந்தார். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள், வைதார்கள். பொன்னுச்சாமி அசையவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. கீழே இறங்கி, பக்கத்தில் நின்ற பருத்தி வண்டிக்காரரிடம் என்ன கூத்து இது என்றேன்.

"அவிய ரெண்டு பேரும் கூடப் பொறந்த அண்ணந் தங்கச்சி சார். வேலம்மா மவனுக்குத் தன் மவளக் குடுக்காம இவரு தூத்துக்குடியில குடுத்துட்டாரு. மூணு வருசமாப் பேச்சு கிடையாது. கிளீனர் இருந்தா நடுவுல அவன்கிட்டச் சொல்லி ஓட்டிருவாவ."

"நீங்கள் சொல்லக் கூடாதா?"

"ஊர்க்காரன் நடுவுல போனா நாளைக்கு எம்மேல பழி வரும். நீங்க சொல்லுங்க. ரயிலேறிப் போயிருவிய."

அதற்குள் வேலம்மாளே என்னைப் பார்த்துவிட்டார். "சார், பீச்சாங்கைப் பக்கம் ஒடிச்சு வரணும்னு அந்த டிரைவர் அவியகிட்டச் சொல்லுங்க."

நான் முன்னால் ஓடிச் சொன்னேன். ஆனால் அந்த அம்மாளைப் பார்த்தபடி நின்று என் இடது கையை நீட்டிச் சொன்னேன். வண்டி நேர் எதிர்ப்பக்கம் திரும்பி, பருத்திப் பொதி ஒன்றை உரசிக்கொண்டு நின்றது.

"கை மாத்திச் சொல்லிட்டாவன்னு சொல்லுங்க!" என்றார் வேலம்மாள். யாரிடம் சொல்ல? மாற்றிச் சொன்னவனே நான்தானே! பொன்னுச்சாமி தன் பங்குக்கு, "எத்தன அடி இருக்குன்னு அந்தச் சாக்குத் தைக்கிற அம்மாகிட்டக் கேளுங்க" என்றார். ஓடினேன். "ஆறடி" என்றார். திரும்பி ஓடி வந்து ஆறடி என்று சொன்னபோது அது நாலடியாகிவிட்டிருந்தது. முன்னும் பின்னுமாக ஓடியதில், வண்டிக்கு முன்புறம் எது, பின்புறம் எது என்பதே எனக்குக் குழம்பிவிட்டது.

அப்போது மழை விழுந்தது. பெரிய பெரிய துளிகள். பொன்னுச்சாமி எஞ்சினை உறுமவிட்டார். இனிமேல் கேட்டுச் சொல்லி மாளாது, இடைவெளியை நாமே பார்த்துவிடுவோம் என்று லாரிக்கும் மேடைச் சுவருக்கும் நடுவே போய் நின்றேன். கரிசல் என் செருப்பைக் கவ்விக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை. குனிந்து இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தேன். லாரி என்னை நோக்கி வந்தது.

"ஏ அண்ணே! நிப்பாட்டு! ஆளு இருக்கு!"

லாரி நின்றது. பின்பலகை என் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. யாரோ என் அக்குளைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார்கள்.

வேலம்மாள் என் பக்கத்தில் வந்தார். என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் ஒண்ணும் பேசல. வாய் தவறி வந்துட்டு. அவியகிட்டச் சொல்லிருங்க."

நான் மேடையோரம் நின்று உரக்கச் சொன்னேன். பொன்னுச்சாமி ஸ்டியரிங்கில் தலையை வைத்திருந்தார். "நானும் ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிருங்க சார்" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

மழை வலுத்தது. வேலம்மாள் எனக்காகக் காத்திருக்கவில்லை. லாரியின் பின்பலகையைப் பார்த்து, "வரட்டும், வரட்டும், லேசாப் பீச்சாங்கை, வரட்டும், போதும்" என்றார். சக்கரம் சேற்றில் சறுக்கினாலும் வண்டி ஒருவழியாக வந்து பொருந்தியது. மேல் வரிசையில் நாலைந்து மூட்டைகள் நனைந்தன. மற்றவையெல்லாம் காய்ந்தபடியே ஷெட்டுக்குள் போயின.

எனக்கு ரயில் மணி அடித்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு கிளம்பியவனை வேலம்மாள் நிறுத்தினார். முகத்தைச் சாக்குப் பக்கம் திருப்பிக்கொண்டு, "அவிய மவ எப்பிடி இருக்காளாம்? கேட்டுச் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

லாரிக்குப் போய்க் கேட்டேன். பொன்னுச்சாமி ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தார். அப்புறம், "மாசமா இருக்கா சார். அடுத்த மாசம் வளைகாப்பு. மொத வளையல் அத்தை கையால போடணும்னு அழுதுக்கிட்டு இருக்கா. அவகிட்டச் சொல்லுங்க சார்" என்றார்.

"அண்ணாச்சி, இன்றைக்கு நான் கொண்டுபோய்ச் சொன்னது எல்லாம் தப்பாகத்தான் போய்ச் சேர்ந்தது. இதையும் கெடுக்கமாட்டேன். நீங்களே சொல்லுங்கள்" என்றேன்.

ஓடிப் போய் ரயிலில் ஏறினேன். எங்கள் ஊரில் பேச்சை நிறுத்தியவர்கள் அடியோடு நிறுத்திவிடுவார்கள். ஆள் வைத்துப் பேசாமலிருக்கும் வழக்கத்தை இங்கேதான் கண்டேன். ரயில் நகரும்போது எட்டிப் பார்த்தேன். பொன்னுச்சாமி கொட்டுகிற மழையில் இறங்கி நடந்து மேடையேறினார். தங்கைக்கு இரண்டடி தள்ளி நின்றார். அவர் வாய் அசைவது எனக்குத் தெரிந்தது. வேலம்மாள் ஊசியைக் கீழே வைத்தார்.