கோயில் ஹாரனில் எங்கள் முதல் ஆல்பம்

நான் வாசிப்பதற்கு எங்கள் வீட்டில் ஒரே பெயர்தான்: சத்தம். "சத்தம் முடிஞ்சிருச்சா? சாப்பிட வா" என்பார் அப்பா. அவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லாரி ஓட்டுகிறவர். நாள் முழுக்க அந்தக் கிழட்டு லாரியின் முக்கலையும் முனகலையும் கேட்டுவிட்டு வருகிறவருக்கு, என் கிட்டார் மட்டும் சத்தமாம்.

எங்கள் ராக் குழுவில் நான்கு பேர். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், சுவரை ஒட்டி இருந்த கொட்டகையில்தான் ராத்திரி ஒத்திகை, ஒலிப்பதிவு எல்லாம். மழை பிடித்தால் தகரக் கூரை எங்களை மிஞ்சிவிடும். மலேசியாவின் கேமரன் மலையில் மழை எப்போது விட்டது? மைக்கை மூடிவைத்துக் காத்திருந்து காத்திருந்தே ஒன்பது பாட்டுகளைப் பதிவு செய்தோம்.

அப்பா ஒரே ஒரு முறை அதைப் பாட்டு என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு வேறு விருதெல்லாம் வேண்டாம். ஆனால் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கச் சொல்ல வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

ஆல்பம் முடிந்ததும், அதற்குப் பூசை போட்டே ஆகவேண்டும் என்று அம்மா பிடித்துக்கொண்டார். புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் பூசை போடாமல் ஓட்டுவோமா? அது போலத்தான் இதுவும் என்றார். கோயில் திருவிழாவன்று, ஆல்பம் இருந்த எங்கள் பென்டிரைவ் வெற்றிலைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவில், குங்குமப் பொட்டோடு தட்டில் உட்கார்ந்திருந்தது. பூசை முடிந்து தட்டு வெளியே வந்தபோது, பக்கத்து ஊரான கம்போங் ராஜாவிலிருந்து வந்திருந்த ஸ்பீக்கர்காரர் அதைப் பார்த்தார். தட்டில் இருந்தால் சாமி பாட்டுதானே என்று எடுத்துச் செருகிவிட்டார்.

மலை முழுக்க என் கிட்டார் அலறியது. கூழ் ஊற்றிக்கொண்டிருந்த அக்காமார்கள் அகப்பையும் கையுமாக நின்றுவிட்டார்கள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது எனக்கு.

ஸ்பீக்கர்காரர் பதறிப்போய் ஹாரன் ஒலிபெருக்கி கட்டிய கம்பத்தில் ஏணியைச் சாய்த்து ஏறினார். பக்கத்தில் நின்ற அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஹாரன் கிழிஞ்சிருச்சுண்ணே. கரகரங்குது."

"கிழியலலா. அந்த கிட்டார் அப்படித்தான் கரகரங்கும்."

"இல்லண்ணே, நல்லா கேளுங்க."

"நீ கேளு. இப்ப டிரம் மட்டும் வரும். அப்புறம் என் மவன் பாடுவான்."

டிரம் வந்தது. பிறகு நான் பாடினேன். கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை நாளாக அவர் தூங்காமல் எங்களைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஸ்பீக்கர்காரர் பாதி ஏணியில் நின்றபடி கேட்டார். "அப்ப நிறுத்திரவாண்ணே?"

அப்பா ஏணியை விடவில்லை. "இருலா. பாட்டு முடியட்டும்."