மர ஹோல்டரில் இறுகிய தாள்

எந்த ஹோல்டர் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், பிளாஸ்டிக் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவேன். கல்முனைப் பக்கத்தில் பெரிய கெமராவோடு மினக்கெடுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பேர்தான். மரமா, பிளாஸ்டிக்கா என்பது அவர்களுக்குத் தலைபோகிற விஷயம். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய கெமராவில் சுருள் பிலிம் போடுவதில்லை. கையகலத் தாளாக வரும் பிலிமை, கும்மிருட்டில், தட்டையான ஒரு சட்டத்துக்குள் செருகி மூடவேண்டும். அதுதான் ஹோல்டர். முன்பக்கம் ஒரு தாள், பின்பக்கம் ஒரு தாள். படம் எடுத்த பிறகு வெளியே எடுப்பதும் இருட்டில்தான். ஒரு கீற்று வெளிச்சம் பட்டாலும் படம் போச்சு.

கொழும்பில் பழைய ஸ்டூடியோ ஒன்றை மூடியவரிடம் இரண்டு வகையும் இருந்தன. பிளாஸ்டிக் ஹோல்டரைப் பார்க்க சோப்புப் பெட்டி போலிருந்தது. மர ஹோல்டரோ பளபளவென்று, மூலைக்கு மூலை பித்தளையோடு இருந்தது. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். மாரி காலத்தில் எங்கள் வீட்டுக் கதவுகளே ஊதி இறுகிக்கொள்வதை வருசா வருசம் பார்க்கிறவள். பார்த்தும் மரத்தைத்தான் எடுத்தேன்.

“வடிவு சோறு போடுமா?” என்று என் கணவர் கேட்டார். அதற்கும் ஒரு சண்டை பிடித்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாள் எங்கள் வீட்டில் மிகக் குறைவு. மீன்காரனில் இருந்து அதிபர் வரைக்கும் அது தெரியும்.

அந்த மாரியில் என் ஒரே மகள் பல்கலைக்கழகப் படிப்புக்கு, கெம்பஸுக்குத் தெரிவாகியிருந்தாள். அதே கிழமை ஒரு கலியாணப் பேச்சும் வந்தது. நல்ல குடும்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிக்காஹ் உடனே வேண்டும், படிப்பைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். என் கணவருக்கோ யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது.

மகள் என்னிடம் வந்தாள். “உம்மா, வாப்பா ஓமெண்டு செல்லிப்போடுவார். நீங்கதான் பாத்துக்கங்க.”

“நான் இரிக்கக்குள்ள ஆரு ஓமெண்டு செல்றாங்கெண்டு பாப்பம்,” என்றேன்.

அவர்கள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. என்ன சொல்லவேண்டும், எப்படி மரியாதையாகச் சொல்லவேண்டும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். புதன்கிழமை காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. மகளைப் பின்வளவில் நிறுத்தி, இரண்டு மர ஹோல்டரிலுமாக நாலு படம் எடுத்தேன். பெரிய கெமராவுக்கு மூச்சுப் பிடித்தாற்போல் அசையாமல் நிற்கவேண்டும். மூன்று தரம் சிரித்துக் குழப்பினாள். நாலாவது தரம் அப்படியே நின்றாள். சிரிப்பு கண்ணில் மட்டும் மிச்சமிருந்தது. இப்படி ஒரு படம் இனி வராது என்று ஹோல்டரின் மூடியைச் செருகும்போதே எனக்குத் தெரிந்தது.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு பிலிமை எடுக்க உள்ளே போனேன். நெல் மூட்டை அடுக்கும் அறைதான் என் இருட்டறை. ஜன்னல் இல்லை, தாழ்ப்பாளும் வெளிப்பக்கம் மட்டும்தான். கதவுக்குக் கீழே பழைய சாறன் துணியைச் செருகிவிட்டு வேலையைத் தொடங்கினேன். மூன்று தாள்கள் வந்தன. பெட்டியில் வைத்து மூடினேன். நாலாவது, அவள் அசையாமல் நின்ற அந்தப் படம், பாதி வந்து நின்றுவிட்டது. மரம் ஊதி, ஓரத் தவாளிப்பு, தாள் வழுக்கி ஓடும் அந்தப் பள்ளம், தாளைக் கவ்விப் பிடித்திருந்தது. வெளியேயும் வராது, உள்ளேயும் போகாது. இழுத்தால் கீறும். வியர்வை வழிந்தது, அதைத் துடைக்கவும் கையில்லை.

அப்போதுதான் முன்னறையில் ஸலாம் கேட்டது. மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும். நாவிதன்வெளியில் வயல் பார்த்துவிட்டு வருகிற வழியில் அப்படியே வந்துவிட்டார்களாம். கதிரைகள் இழுபடும் சத்தம். மழையைப் பற்றிக் கொஞ்சம், விதைப்பைப் பற்றிக் கொஞ்சம்.

“உம்மா.” மகள் கதவோடு ஒட்டிக்கொண்டு மெதுவாகக் கூப்பிட்டாள். “அவங்க வந்திரிக்காங்க. வாங்க.”

“இன்னா வாறன். ஒரு பிலிம் இறுகிட்டு.”

கதவைத் திறக்கக்கூடாது என்று அவளுக்குச் சின்ன வயதில் இருந்தே நான்தான் பழக்கியிருந்தேன். நகத்தால் தாளின் மூலையைப் பிடித்தேன். ஒரு நெல்லளவு வந்தது.

“மறுகா படிக்கலாம்தானே மச்சான். நாங்க என்ன வேணாமெண்டா செல்றம்?” தாய்மாமனின் குரல். என் கணவர் என்னவோ முனகினார்.

“உம்மா.” இந்தமுறை விரலால் கதவைத் தட்டினாள். “வாப்பா செல்லப்போறார்.”

உள்ளேயிருந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போட்டால் என் கணவர் வந்து கதவைத் திறந்து “என்ன?” என்பார். அவருடைய பழக்கம் அது, அதனால் இரண்டு தரம் பிலிம் போயிருக்கிறது. கையில் இருந்தது ஒரேயொரு தாள். மற்ற மூன்றும் மூடின பெட்டிக்குள் பத்திரமாகக் கிடந்தன. வெளியே போயிருக்கலாம். இன்னும் ஒரு நிமிசம், இன்னும் ஒரு நிமிசம் என்று நின்றேன்.

வெளியே நபி மீது ஸலவாத்துச் சொன்னார்கள். எங்கள் ஊரில் அது சொல்லியாகிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதன் பிறகு மாறினால் இரண்டு குடும்பமும் முகம் பார்க்காது. அந்தச் சத்தம் அடங்கும்போது தாள் முழுதாக என் கையில் வந்தது, ஒரு கீறலும் இல்லாமல்.

அவர்கள் போனதும் என் கணவரைப் பிடித்து உலுக்கினேன். அவர் என்னை விளங்காமல் பார்த்தார்.

“நீ உள்ளுக்குத்தானே நிண்ட நீ. எல்லாம் கேட்டிரிக்கும். விருப்பமில்லாட்டி நீயா சும்மா இரிப்பாய்? ஒரு சத்தத்தையும் காணல்ல, உனக்கும் சரியாக்குமெண்டு நினைச்சன்.”

அவருடைய தோளில் இருந்து கையை எடுத்தேன்.

நிக்காஹ் முடிந்தது. மருமகன் நல்ல பிள்ளை, பொய் சொல்லக்கூடாது. பிறகு படிக்கலாம் என்ற அந்த “மறுகா” மட்டும் இன்னும் வரவில்லை. மகளின் கெம்பஸ் கடிதம் என் அலுமாரியில்தான் கிடக்கிறது. அதைத் தேடி எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னலோரம் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

“அண்டைக்கு இறுகினது இதுதானே உம்மா?”

“ஓம்.”

“நல்ல வடிவாத்தான் இரிக்கி,” என்றாள். பிறகு உறைக்குள் போட்டு, மூலை மடியாமல் சரிபார்த்து, என் கையில் திரும்பத் தந்தாள்.

“நீங்களே வெச்சிக்கங்க.”