ராணியைக் கொடுத்து வாங்கிய வாக்குமூலம்

என் சித்தி பல் செட் செய்கிறவள். பல் டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து மாடிக்கு அனுப்புவார். சித்தி மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பொருத்தி, கடி சரியாக விழுகிறதா என்று பத்துத் தடவை பார்ப்பாள். பதினெட்டு வருஷத்தில் திரும்பி வந்தது ஒரே ஒரு செட், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருடையது. அச்சு இறுகுவதற்குள் டாக்டர் போன் பேசிக்கொண்டே அதை உருவிவிட்டார். கீழே டோக்கன் கொடுக்கும் நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்த டாக்டர் மகானுபாவர், கூடம் நிறைய ஆள் இருக்கும்போது, "செஞ்சவளுக்குக் கை கோணல்" என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலையே சித்தி வீட்டில் என்னைப் பிடித்து உட்காரவைத்துச் செஸ் ஆட ஆரம்பித்தாள்.

டாக்டருக்கு மதிய இடைவேளையில் செஸ் ஆடியாக வேண்டும். தோற்றவர், ஜெயித்தவர் சொன்னதைச் செய்ய வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். கம்பவுண்டரை ஒருமுறை எல்லார் முன்னாலும் பாட வைத்தார். சித்தி நாலு மாதம் சாப்பாட்டு டப்பாவோடு பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஆட்டத்தையே பார்த்தாள்.

"ஓசியில சிப்பாய் கிடைச்சா விடவே மாட்டாரு. நல்லா தின்னட்டும்," என்றாள் என்னிடம்.

தபால்காரர் செக்கப்புக்கு வரும் நாளாகப் பார்த்து டாக்டருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். இடது ஓரத்துச் சிப்பாய்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தாள். அவருடைய ராணி அங்கே மேய்ந்துகொண்டிருந்தபோது, சித்தியின் ராணி, யானை, குதிரை மூன்றும் அவர் ராஜா பக்கம் திரும்பிவிட்டன. குதிரை பாய்ந்து செக் வைத்தது. மூலைக் கட்டத்தைத் தவிர ராஜாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. அங்கே போனதும், முன்னால் நின்ற சிப்பாயைச் சித்தி தன் ராணியாலேயே வெட்டினாள். மறுபடி செக்.

"அடடா, ராணியையே குடுத்துட்டியேம்மா!"

சிரித்துக்கொண்டே கையை நீட்டியவர் பாதியில் நின்றார். ராணியை வெட்டினால் யானை ஓரத்துக்கு வந்துவிடும். ஓட வேண்டிய கட்டங்களைக் குதிரை பார்த்துக்கொண்டிருக்கிறது. மிச்சமிருந்த ஒன்றை அவருடைய சிப்பாயே அடைத்துக்கொண்டு நின்றது.

"பேஷண்ட் வெயிட் பண்றாங்க. டிரான்னு வச்சுக்கலாமா?"

"வேணாம் டாக்டர். உங்களுக்கு இருக்கிறது ஒரே வழி. வெட்டுங்க."

எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வெட்டினார். யானை வந்தது. செக்மேட்.

"சரி, என்ன செய்யணும்?"

"தபால்காரர்கிட்ட போய் உண்மையைச் சொல்லுங்க."

டாக்டர் போய், தபால்காரரின் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா டாக்டர். அவருக்குக் காது மந்தம்."

"அச்சு எடுத்ததுல தப்பு என்னோடதுதான்!" என்று டாக்டர் கத்தினார். கூடமே திரும்பிப் பார்த்தது.

தபால்காரர் நிதானமாகத் தலையாட்டினார். "அது எனக்கு அன்னைக்கே தெரியுமே. போன் பேசிக்கிட்டே எடுத்தாரு."

"தெரிஞ்சும் ஏன் சார் சும்மா இருந்தீங்க?" சித்தியின் குரல் மாடி வரை கேட்டிருக்கும்.

"மறுபடி இவர்கிட்டதானேம்மா வாயைக் காட்டணும்."

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. காய்களை முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்தாள்.

"உங்களுக்குச் செஸ் ஆடத் தெரியுமா சார்?"