செபநாயகம் அளந்த கரை

கன்னத்தின் உட்புறம் வெள்ளைப் படை தோன்றியபோது கொழும்புத்துறைச் செபநாயகத்துக்கு வயது அறுபத்து மூன்று. அவருடைய கோபத்துக்கு இருபத்திரண்டு.

கோபம் காணி அளக்கும் சேவையர் குகதாசன் மேல். அவரிடம் சங்கிலி பிடித்த காலத்தில், கடனீரேரியை ஒட்டிய காணியொன்றின் கரையை இருவரும் தனித்தனியே அளந்தார்கள். சேவையர் நீளச் சங்கிலியால் அளந்து முந்நூற்றுப் பத்து மீற்றர் என்றார். செபநாயகம் ஒவ்வொரு குடைவுக்குள்ளும் சின்ன நாடாவை வளைத்து நானூற்று நாற்பது என்றார். அளக்கத் தெரியாதவன் என்று ஆட்கள் முன்னால் சொல்லி வேலையால் நிற்பாட்டினார் சேவையர். அதோடு இருவருக்குள்ளும் கதை பேச்சு இல்லை.

கிளினிக்கில் டொக்டர் லைற் அடித்துப் பார்த்தார். விளிம்பு சீராய்த்தான் இருக்கிறது, வெற்றிலையை விட்டுவிட்டு ஆறு மாதத்தால் வரட்டாம். பக்கத்து மேசையில் ஆராய்ச்சிக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகப் பிள்ளை நிவேதனாவின் கணினி வேறு சொன்னது. அளவுகோலைச் சிறிதாக்கச் சிறிதாக்க விளிம்பின் நீளம் கூடும். கெட்ட படையில் அதிகமாய்க் கூடுவதுண்டு. இவருடையது நன்றாகவே கூடுகிறது. ஆனால் அந்த எண்களை மட்டும் வைத்து நோயென்று சொல்ல முடியாது, சதை வெட்டிப் பார்க்கவேண்டும் என்றாள்.

செபநாயகத்துக்கு நோய் காதில் ஏறவில்லை.

"சின்னக் கோலாலை அளந்தாக் கரை நீளும் எண்டு புத்தகத்திலை இருக்கோ?"

"ஓம் ஐயா. கடற்கரையை வைச்சுத்தான் உதை விளங்கப்படுத்திறவை. நான் பிறக்க முந்தியே எழுதிப்போட்டினம்."

முந்தியே எழுதியிருந்தது என்பதில் கோபம் இரட்டித்தது. திரும்பிப் போய் டொக்டருக்கு முன்னாலிருந்த கதிரையில் அமர்ந்தார்.

"நீங்களும் நீளச் சங்கிலியாலைதான் அளக்கிறியள். சதைத் துண்டு வெட்டாமல் நான் எழும்பமாட்டன்."

வரிசை முணுமுணுத்தது. வெட்டினார்கள். புற்றுநோய், தொடக்கம்தான். படையை முழுதாக அகற்றித் தைத்து, தையல் ஆறும்வரை வாய் திறக்கக்கூடாது என்று அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருடம் சேவையரோடு தானாகக் கதையாமல் இருந்தவருக்கு, கதைத்தே ஆகவேண்டிய கிழமையில் இந்தக் கட்டளை.

மூன்றாம் நாள் பஸ் ஏறிக் கோப்பாயில் சேவையர் வீட்டுக்குப் போனார். படலையில் நின்ற குகதாசனின் முகத்துக்கு நேரே நிவேதனா அச்சடித்துக் கொடுத்த தாளை நீட்டினார்: தன் கன்னத்துப் படையின் விளிம்பு, குடைவும் முனையுமாய் ஒரு கறுப்புக் கோடு.

சேவையர் கண்ணாடியைப் போட்டு, வளைவு வளைவாய் விரலை ஓட்டினார்.

"உது எந்தக் காணி, செபநாயகம்? நீளச் சங்கிலி உதுக்குச் சரிவராது. சின்ன நாடாதான் வேணும்."

செபநாயகம் வாயைத் திறந்தார். இரண்டு தையல் அறுந்தது.