என்ன குழம்பு?

நர்ஸ் வேலையில் பாதி, செய்வது. மீதிப் பாதி, செய்ததை அடுத்த ஷிப்ட்டிடம் சரியாகச் சொல்லிவிட்டுப் போவது. டியூட்டி முடிந்து சரவணம்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, "அந்த மாத்திரையைச் சொன்னோமா?" என்று வார்டுக்குத் திரும்பப் போன் போட்டவர்களுக்கு இது புரியும். இங்கே சொல்லப்போகும் இரண்டு சம்பவங்களில் முதலாவதை நான் பார்க்கவில்லை. வார்டு இன்சார்ஜ் மகேஸ்வரி சிஸ்டர் சொல்லிக் கேட்டதுதான்.

ஃபேன் காற்று

நான் சேருவதற்கு முன்பு, ஷிப்ட் மாறும்போது ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவர், நர்ஸ் மேஜையிலேயே முடிந்துவிடுமாம். "ஆறாம் பெட்டுக்கு ஊசி" என்றால் போதும். அப்படிக் கேட்டுக்கொண்டு ஊசியோடு போன சிஸ்டர், போடும் முன் பேரைக் கேட்டிருக்கிறார். வேறு பேர் வந்திருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து விளக்கினாராம்: "அவருக்குப் புழுக்கமா இருக்குதுன்னாருங்க. ஃபேனுக்குக் கீழ படுங்கன்னு என்ற எடத்தைக் குடுத்துப்போட்டேனுங்க."

சாப்டாச்சுங்க

அதிலிருந்து ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று, பேர் சொல்லித்தான் ஒப்படைக்கிறோம். ஒரு மதியம், காலை ஷிப்ட் ஜெனிபர் என்னிடம் பொன்னுசாமி என்ற கொடுமுடி விவசாயியை ஒப்படைத்தாள். "இன்சுலின் போட்டாச்சு. சாப்பாடும் ஆச்சு." அவரும் தலையாட்டி, "சாப்டாச்சுங்க" என்றார். ஆனால் நெற்றி வேர்த்திருந்தது. இன்சுலின் போட்டுச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி ஆளே மயங்கிவிடலாம். பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்க்கிற ரகம் நான். "என்ன குழம்புங்க?" என்றேன்.

அவர் கட்டிலுக்கடியில் இருந்த சாப்பாட்டுக் கேரியரைப் பார்த்தார். "ஊட்டுக்காரி மருந்து வாங்கப் போயிருக்கறாளுங்க. வந்தா சேர்ந்து சோறு உங்கலாம்னு..."

"அப்புறம் ஏனுங்க சாப்டாச்சுன்னீங்க?"

"சாப்டீங்களான்னு மரியாதையாக் கேக்கறப்ப, இல்லைன்னா நல்லாவா இருக்குமுங்க?"

விரலில் குத்திப் பார்த்தோம். சர்க்கரை நன்றாகவே இறங்கியிருந்தது. ஜெனிபர் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். நான் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்தேன். வேர்வை அடங்கி, மனைவியும் வந்து, அவர் சோற்றில் கை வைக்கும்வரை ஜெனிபர் வீட்டுக்குக் கிளம்பவில்லை. போகும்போது சொன்னாள்: "நானுந்தான்டி கேட்டேன். சாப்டீங்களான்னு கேட்டேன்."

பாடத்தில் இல்லாதது

சர்க்கரை நோயாளிகளிடம் 'சாப்டீங்களா' வேண்டாம், 'என்ன சாப்டீங்க' என்றுதான் கேட்க வேண்டும் என்று மறுநாள் ஹேண்ட்ஓவரில் மகேஸ்வரி சிஸ்டர் எல்லோருக்கும் சொன்னார், என் பேரையும் சேர்த்து. எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். மில் வேலையில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டேன். தறிச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுச் சிரித்தார்: "கொழம்பு என்னன்னு கேக்கறதுக்கா நாலு வருசம் படிக்க வெச்சேன்? நல்லாத்தான் படிச்சிருக்கற கண்ணு!"

டிஸ்சார்ஜ் அன்று பொன்னுசாமியின் மனைவியிடம் விசாரித்துவிட்டேன்: இன்று வார்டே பாராட்டும் அந்தக் கேள்வியை நான் கேட்ட அன்று, அவர்கள் கேரியரில் குழம்பே இல்லை, தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும்தான்.